எழுவாய் எங்கேய்யா?

1985. மதுரையில் ஒரு நாளிதழின் இரவுப் பணி. மூலையில் டெலிபிரின்டர் கடகடத்துக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த அந்த உதவி ஆசிரியர், ஏஜென்சியில் வந்த எட்டு வரிச் செய்தியைத் தமிழாக்கி, செய்தி ஆசிரியரின் மேசையில் வைத்தார். வடக்கே ஏதோ ஓர் ஊரில் கூட்டம் கூடியது, நிலைமை கைமீறியது, துப்பாக்கிச்சூடு நடந்தது, மூன்று பேர் இறந்தனர். செய்தி ஆசிரியர் சிவப்புப் பென்சிலை எடுத்து, ‘துப்பாக்கிச்சூடு நடந்தது’ என்பதன் அடியில் கோடு போட்டார். ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதித் தாளைத் திருப்பித் தந்தார்.

“இங்கிலீஷ்ல அப்படித்தான் சார் இருக்கு.”

“இருக்கட்டும். எழுவாய் எங்கேய்யா? மழை பெஞ்ச மாதிரில்ல எழுதியிருக்க.”

அந்த உதவி ஆசிரியர் 2019-ல் ஓய்வு பெற்றார். நடுவில் 34 ஆண்டுகள். அச்சுக்கோப்பு போய் கம்ப்யூட்டர் வந்தது, டெலிபிரின்டர் போய் இணையம் வந்தது. அவர் பார்த்த வேலை மட்டும் மாறவில்லை: அரசுகளும் காவல் துறைகளும் கம்பெனிகளும் ராணுவங்களும் விடுகிற அறிக்கைகளைத் தமிழில் எழுதுவது. தன் பெயர் எங்கும் வர வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. “டெஸ்க்கில் இருந்தவனுக்குப் பெயர் எதற்கு?” என்கிறார்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு என்பார் அவர். ஆங்கிலத்தில் செய்தவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம், கேட்பவர்களுக்கும் உறுத்தாது. தமிழில் வினைமுற்று கடைசியில் வந்து நிற்கும். சுட்டான், சுட்டார், சுட்டனர், சுட்டோம். திணை, பால், எண், இடம் எல்லாம் அந்த விகுதியில் இருக்கிறது. அங்கே வந்து பேனா நின்றுவிடும். யார் என்று தெரியாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. அப்போதுதான், கையிலிருக்கும் ஆங்கில அறிக்கை அந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமலே இரண்டு பக்கம் ஓடியிருப்பது தெரியவரும்.

தமிழுக்கும் தப்பிக்க வழி தெரியும். இரண்டு வழிகள். ஒன்று, ‘நடந்தது’. தடியடி நடந்தது, தவறு நடந்தது, முறைகேடு நடந்தது. எல்லாம் அஃறிணை, தானே நடக்கும். இரண்டாவது ‘படு’. சுடப்பட்டார், கைது செய்யப்பட்டார், பணம் கையாடல் செய்யப்பட்டது. நம் பேச்சில் இந்தப் ‘படு’ அரிது. டீக்கடையில் யாரும் ‘அவர் சுடப்பட்டார்’ என்று சொல்வதில்லை. ‘போலீஸ் சுட்டுருச்சு’ என்றுதான் சொல்வார்கள். கோப்புகளின் தமிழில் மட்டும் ‘படு’ ஆட்சி செய்கிறது. பரிசீலிக்கப்படும். கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது. ஆவன செய்யப்படும். இந்தக் கடைசிச் சொற்றொடர் அவருக்கு மிகவும் பிடித்தது. ஆவன என்றால் எவை என்று இல்லை, செய்வது யார் என்று இல்லை, எப்போது என்பதும் இல்லை. ஆனால் மனு கொடுத்தவர் அதைப் படித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

உண்மையிலேயே யார் என்று தெரியாத இடமும் உண்டு. இரவில் ஒருவரை யாரோ வெட்டிவிட்டார்கள், விடியும்வரை தகவல் இல்லை என்றால், ‘வெட்டிக் கொல்லப்பட்டார்’ என்று எழுதுவதுதான் நேர்மை. தெரிந்ததை மறைக்க அதே வாக்கியத்தை எழுதும்போதுதான் கோளாறு. இரண்டும் அச்சில் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் தொல்லை.

அவருக்கு இது உறைத்தது செய்தி ஆசிரியரின் பென்சிலால் இல்லை. சேர்ந்த மூன்றாம் வருடம், தென் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்த் திருவிழாவில் தகராறு. போலீஸின் செய்திக் குறிப்பு இரவு பதினொன்றரைக்கு வந்தது. மொஃபசல் பக்கம் முடிகிற நேரம். ‘கூட்டத்தைக் கலைக்க முயன்றபோது காவலர் ஒருவரின் துப்பாக்கி வெடித்ததில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்’ என்று இருந்ததை அப்படியே கம்போசிங்குக்கு அனுப்பிவிட்டார். நான்காம் நாள் அலுவலக வாசலில் ஓர் அம்மா, கூடவே ஒரு சிறுவன். அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். படித்துக் காட்டியது சிறுவன்தான். அம்மா கேட்டது ஒரே கேள்வி:

“தம்பி, துப்பாக்கி தானா வெடிச்சுச்சாய்யா?”

என்ன பதில் சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. டீ வாங்கிக் கொடுத்ததும் அந்த அம்மா அதைக் குடிக்காமல் வைத்திருந்ததும் நினைவிருக்கிறது. மறுநாள் தாயின் புகார் ஒற்றைக் காலம் செய்தியாக வந்தது. அன்றிலிருந்து போலீஸ் குறிப்பை அவர் கடைசி வார்த்தையிலிருந்து பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினார். முதலில் வினை. அதை யார் செய்திருக்க முடியும்? அந்த ஆள் வாக்கியத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால் நிருபருக்கு டிரங்க் கால்.

பிறகு அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் சேர்ந்தது. இடதுபக்கம் அறிக்கைச் சொல், வலதுபக்கம் அதற்கு ஊரில் என்ன சொல்வார்கள் என்பது. ‘லேசான தடியடி’ என்பதற்கு எதிரில், ‘அடி வாங்கியவரைக் கேட்கவும்’ என்று எழுதியிருக்கிறார். ‘கட்டணச் சீரமைப்பு’ என்றால் விலை ஏறுகிறது. ஒருமுறைகூடச் சீரமைத்து விலை குறைந்ததாக அவர் செய்தி போட்டதில்லை. ‘மின்வெட்டு’க்கும் ‘மின்தடை’க்கும் தமிழ்நாட்டில் ஓர் அரசியல் வேறுபாடு உண்டு. வெட்டு என்றால் வெட்டியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். தடை என்றால் அது எங்கிருந்தோ வந்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது மின்வெட்டு என்பவர்கள் ஆட்சிக்கு வந்ததும் மின்தடை என்பார்கள். 2021 ஜூனில் மின்கம்பிகளில் ஓடும் அணில்களும் ஒரு காரணம் என்று அமைச்சரே சொன்னதும் இந்த வரிசையில் வரும். அணில் உண்மையிலேயே கம்பியில் ஓடும்தான். மாநிலமே சிரித்தது வேறு விஷயம்.

மங்கலமாகப் பேசுவது தமிழுக்குப் புதிதில்லை என்று இளைஞர்கள் வாதிட்டால், அவர் நன்னூலை எடுப்பார். தகுதி வழக்கு மூன்று என்று பவணந்தி வகுத்திருக்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ‘கால் கழுவி வருகிறேன்’ என்பது முதல் வகை. சுடுகாட்டை நன்காடு என்பது இரண்டாவது. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பதும் வேடர்கள் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் மூன்றாவது. முதல் இரண்டிலும் கேட்பவருக்கு உண்மை தெரியும். கூச்சமோ அச்சமோ கருதி இருவரும் சேர்ந்து ஒரு திரையைப் போட்டுக்கொள்கிறார்கள். குழூஉக்குறி மட்டும் வெளியாளுக்குப் புரியக் கூடாது என்பதற்காகவே இருக்கிறது. அரசு அறிக்கை பேசுவது குழூஉக்குறி, உடுத்தியிருப்பது மங்கலத்தின் வேட்டி என்பது அவர் கட்சி.

சொல்விளம்பி என்றதும் அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். கள் குடித்தவன் உள்ளதைச் சொல்லிவிடுவான் என்பதால் வந்த பெயர் அது. அதைவிட நாசூக்கான பெயரை நம் காலத்தில் வைத்திருக்கிறார்கள். 1983-ல் தொடங்கி, 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்தும் டாஸ்மாக்கின் முழுப்பெயர் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். என்ன வாணிபம் என்பது பெயரில் இல்லை. அதைக் கவனிக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. மது விற்கிற துறையின் பெயரில் முதலில் வருவது மதுவிலக்கு! ஆண்டுதோறும் அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு விற்பனை வருவாய்ச் செய்தி எழுதும்போது அவர் ஒரு தடவையாவது பேனாவைக் கீழே வைத்துச் சிரித்திருக்கிறார்.

மத்திய அரசும் சளைத்ததில்லை. பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளை விற்பதற்கென்று இருந்த பங்கு விலக்கல் துறை, 2016 ஏப்ரலில் முதலீடு மற்றும் பொதுச் சொத்து மேலாண்மைத் துறை ஆனது. விற்பவருக்கு ‘முதலீடு’ என்று பெயர்ப் பலகை.

வெளிநாட்டுப் பக்கம் அவரிடம் இருந்தது ஆறு ஆண்டுகள். 1991 வளைகுடாப் போரின்போது ‘கொலேட்டரல் டேமேஜ்’ என்ற சொல் ஏஜென்சியில் கொட்டியது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று டெஸ்க்கில் பெரிய விவாதம். உடனிகழ் சேதம் என்றார் ஒருவர். பக்கச் சேதம் என்றார் இன்னொருவர், பக்கவாதம் மாதிரி. பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா பதுங்கிடத்தில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு 400-க்கு மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அது ராணுவக் கட்டளை மையம் என்றது அமெரிக்கத் தரப்பு. அன்று இரவு விவாதம் தானாக ஓய்ந்தது. ‘சேதம்’ என்ற சொல்லைத் தமிழில் வீட்டுக்கும் பயிருக்கும் சொல்வோம்; ஆளுக்குச் சொல்ல நாக்கு வரவில்லை. செத்தவர்கள் யார், குண்டு போட்டது யார், அந்த இடத்தைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி முடித்தார். அந்தச் சொல்லுக்கு அன்று வேலையே இருக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பழைய புத்தகக் கடையில், வில்லியம் லட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல் இதைப் பற்றியே எழுதிய நூல் அகப்பட்டது. அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசிய அமைப்பு ஒன்று, ஏய்ப்பு மொழிக்கென்றே 1974 முதல் ஆண்டுதோறும் ‘விருது’ கொடுத்து வந்ததாம். முதல் விருதாளர் கம்போடியாவில் இருந்த அமெரிக்க விமானப்படை அதிகாரி ஒருவர். நீங்கள் எப்போதும் குண்டுவீச்சு குண்டுவீச்சு என்றே எழுதுகிறீர்கள், அது குண்டுவீச்சில்லை, வான்வழி ஆதரவு என்று நிருபர்களிடம் கோபித்துக்கொண்டவர். நம் ஊரிலும் இப்படி ஒரு விருது வேண்டும், தேர்வுக் குழுவுக்குத்தான் தூக்கம் கெடும் என்று நோட்டில் குறித்து வைத்தார்.

பொய் என்ற சொல்லுக்கே சட்டமன்றங்களில் இடமில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. ‘உறுப்பினர் பொய் சொல்கிறார்’ என்றால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். ‘உண்மைக்குப் புறம்பானது’ என்றால் நிற்கும். 1906-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வின்ஸ்டன் சர்ச்சில் இதையே சுற்றி வளைத்துச் ‘சொல்லளவிலான துல்லியக் குறைவு’ என்ற பொருளில் சொன்னார். 1986-ல் பிரிட்டனின் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், சிட்னி நீதிமன்றத்தில் ஒரு முன்னாள் உளவாளியின் புத்தகம் தொடர்பான வழக்கில் நின்றபோது, தான் பொய் சொல்லவில்லை, உண்மையைச் சிக்கனமாகப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார். இந்தச் ‘சிக்கனம்’ நம் நாடாளுமன்ற எழுத்துமூலப் பதில்களில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது.

அந்தக் கலைக்கு அவர் எப்போதும் காட்டும் உதாரணம் சாக்கடை. 2021-ல் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்ன பதிலின் சாரம்: கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. அதே பதிலின் அடுத்த பகுதி: சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்தபோது 941 பேர் இறந்திருக்கிறார்கள். முதல் வாக்கியத்தோடு நிறுத்தினால் தலைப்பு ஒன்று. இரண்டாவதையும் படித்தால் தலைப்பு வேறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சுகாதாரமற்ற கழிப்பறை போன்ற இடங்களில் கையால் மலம் அள்ளுவதை ஒரு பிரிவில் வரையறுக்கிறது. பாதுகாப்புக் கருவியில்லாமல் சாக்கடைக்குள் இறங்குவதை ‘அபாயகரமான துப்புரவு’ என்று வேறொரு பிரிவில் வைத்திருக்கிறது. சட்ட வரைவாளருக்கு அந்தப் பிரிப்பு தேவைப்பட்டிருக்கலாம். பதில் எழுதிய அதிகாரிக்கு அது ஒரு கதவாகிவிட்டது. விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்தவர் எந்தப் பிரிவின் கீழ் செத்தார் என்பது அவர் வீட்டுக்காரிக்குத் தெரியுமா? அந்த 941 பேரில் மற்ற எந்த மாநிலத்தையும்விட அதிகம் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 1993-க்குப் பின் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சிலேயே உத்தரவிட்டிருந்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நீதிமன்றத்துக்குக் கண்ணில் பட்ட சாவுகள், பதிலின் முதல் வாக்கியத்தில் மட்டும் இல்லை.

எண்களிலும் இதே வித்தை நடக்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2013-ல் விவசாயிகள் தற்கொலை 11,772. மறுவருடம் 5,650. பாதிக்கு மேல் குறைந்துவிட்டதே என்று தலைப்புப் போடக் கை பரபரக்கும். அந்த வருடம்தான் வகைப்பாட்டை மாற்றியிருந்தார்கள். விவசாயத் தொழிலாளர்களைத் தனி வரியாகப் பிரித்து, அதில் 6,710 என்று காட்டியிருந்தார்கள். இரண்டையும் கூட்டினால் 12,360. குறையவில்லை, கூடியிருக்கிறது. அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காதவர் மட்டும் ஏமாறுவார். இரவு பதினொரு மணிக்கு அடிக்குறிப்பைப் படிக்கிற உதவி ஆசிரியர் எத்தனை பேர்?

கொரோனாக் காலத்தில் அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆள் பற்றாக்குறையால் பழைய அலுவலகம் வீட்டுக்கே மொழிபெயர்ப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. 2020 செப்டம்பர் 14. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், இழப்பீடு கொடுத்தீர்களா என்று மக்களவையில் கேள்வி. அப்படிப்பட்ட விவரம் இல்லை. ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்பது பதில். ‘கேள்வி எழவில்லை’ என்பதைத் தமிழில் எழுதிவிட்டு அவர் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். கேள்வி எழுந்துதானே பதில் வந்திருக்கிறது!

அடுத்த வருடம் ஜூலை 20. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மாநிலங்களவையில் கேட்டார்கள். மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் அப்படிக் ‘குறிப்பாக’ எந்த இறப்பையும் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது. டெஸ்க்கில் இருந்த இளம் பெண் ஒருத்தி போனில் தலைப்பு வாசித்தாள்: ‘ஆக்சிஜன் இல்லாமல் ஒருவரும் சாகவில்லை: மத்திய அரசு’.

“அம்மா, அவங்க அப்படிச் சொல்லலையே.”

“அர்த்தம் அதுதானே சார்?”

“அர்த்தம் அதுதான்னு நீ நினைக்கணும். நாளைக்கு யாராவது கேட்டா நாங்க அப்படிச் சொல்லலைன்னு அவங்க சொல்லணும். ரெண்டுக்கும் இடம் வெச்சு எழுதியிருக்காங்க.”

இறப்புச் சான்றில் காரணம் எழுதும் இடத்தில் சுவாசச் செயலிழப்பு என்று வரும். சிலிண்டர் வரவில்லை என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார். இல்லாத தகவலை மாநிலங்கள் அனுப்பவில்லை, அனுப்பாததை மத்திய அரசு சொல்லவில்லை. பழி சுற்றிச் சுற்றி வந்து எந்த மேசையிலும் உட்காரவில்லை. கடைசியில் தலைப்பு, ‘ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள்: மாநிலங்கள் கணக்குத் தரவில்லை என்கிறது மத்திய அரசு’ என்று நீண்டு, இரண்டு காலத்தில் அடங்காமல், பக்க வடிவமைப்பாளரிடம் திட்டு வாங்கித் தந்தது. ஏய்ப்பு மொழியை நேராக்கினால் இடம் கூடுதலாகப் பிடிக்கும். இதைப் பத்திரிகைப் பள்ளிகளில் சொல்லித் தருவதில்லை என்று அவருக்கு ஒரு குறை.

அவர் பணியில் இருந்தபோது வந்த கடைசிப் பெரிய இரவு தூத்துக்குடி. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளுமாகப் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அரசு தரப்பிலிருந்து வந்த விளக்கத்தில் ‘தவிர்க்க முடியாத சூழ்நிலை’ இருந்தது. சூழ்நிலைதான் அங்கே எழுவாய். முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி, நடந்ததைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த அந்த அம்மாவின் கேள்வி அன்று இரவு முழுக்க அவர் காதில் இருந்தது. அவர் திருத்திய ஒவ்வொரு காப்பியிலும் ‘போலீஸார் சுட்டதில்’ என்றுதான் போனது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டபோது அவர் வீட்டில் இருந்தார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸார் மறைந்திருந்து சுட்டதையும், தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னது சரியில்லை என்பதையும் ஆணையம் எழுதியிருந்தது. இங்கே பாருங்கள், ‘வைக்கப்பட்டபோது’ என்று நானே எழுதிவிட்டேன். வைத்தது அரசு.

அரசை மட்டும் சொல்லிவிட்டுப் போக அவர் விடுவதில்லை. பத்திரிகைக்காரன் தன் நோட்டையும் திறக்க வேண்டும் என்பார். ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ எல்லாம் யாருடைய கைங்கரியம்? எல்லாவற்றையும்விடக் கூச்சத்தோடு அவர் சொல்வது ‘இரு தரப்பினரிடையே மோதல்’. ஒரு தெருவுக்குள் இன்னொரு தெருவின் ஆட்கள் புகுந்து குடிசைகளைக் கொளுத்தியிருப்பார்கள். செய்தியில் இரு தரப்பு மோதல். சாதிப் பெயர் போட்டால் கலவரம் பெருகும் என்பது சொல்லப்படும் காரணம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தராசில் நிறுத்தும் அந்தச் சொற்றொடரைத் தன் கையாலேயே நூறு முறையாவது எழுதியிருப்பதாகச் சொல்கிறார். மரத்தில் கட்டி அடித்ததைக்கூட ‘மோதல்’ என்று எழுதியிருக்கிறாராம்.

தமிழ் தானாகத் திருத்திக்கொண்டதும் உண்டு. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைப் பெற்றவர்களே கொல்வதை ஆங்கிலத்தைப் பார்த்துக் ‘கௌரவக் கொலை’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். கொலையில் என்ன கௌரவம் என்று இயக்கங்களும் எழுத்தாளர்களும் கேட்டுக் கேட்டு, இன்று ‘ஆணவக் கொலை’ என்ற சொல் நிலைத்துவிட்டது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றபோது, எங்கள் டெஸ்க்கில் யாரும் பழைய சொல்லைத் தட்டச்சு செய்யவில்லை என்கிறார். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை.

இலங்கைச் செய்திகளைப் பற்றிக் கேட்டால்தான் அவர் குரல் இறங்கும். 1987-ல் இந்தியா அனுப்பிய படைக்கு அமைதி காக்கும் படை என்று பெயர். அக்டோபரில் அந்தப் படை யாழ்ப்பாணத்தில் போர் நடத்தியபோதும் பெயர் அதேதான். ‘அமைதிப் படை தாக்குதல்’ என்று தலைப்பெழுதியபோது அது நகைமுரண் என்றுகூட அன்று தோன்றவில்லை; பெயர்ச்சொல் ஆகிவிட்டால் யாரும் பொருளைப் பார்ப்பதில்லை.

2009-ல் கொழும்பிலிருந்து வந்த அறிக்கைகள் வேறு ரகம். வன்னிப் போருக்கு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று பெயரிட்டிருந்தது இலங்கை அரசு. பொதுமக்கள் ஒருவர்கூடப் பலியாகாத கொள்கை என்றது. மக்களைப் போகச் சொன்ன இடத்துக்குச் ‘சூடு தவிர்ப்பு வலயம்’ என்று பெயர். குண்டுகள் அங்கேயும் விழுந்தன. உள்ளே சிக்கியிருப்பவர்கள் எழுபதாயிரம் பேர் அளவில்தான் என்று அரசுத் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தவர்கள் மட்டுமே இரண்டரை லட்சத்துக்கு மேல். அந்த முகாம்களுக்கு ‘நலன்புரி நிலையம்’ என்று பெயர், சுற்றிலும் முள்வேலி. 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாக ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது. ‘நலன்புரி’ என்ற நல்ல தமிழ்ச்சொல்லை அதற்குப் பின் வேறு எந்தச் செய்தியிலும் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்கிறார்.

அந்தப் பக்கத்துத் தமிழிலிருந்துதான் அவர் தொழிலின் கடைசிப் பாடத்தைக் கற்றுக்கொண்டார். ராணுவத்திடம் கையளித்த பிள்ளைகளை, வெள்ளை வேனில் ஏற்றிக் கொண்டுபோன கணவன்மாரைத் தேடிக்கொண்டிருந்த குடும்பங்களைப் பற்றிய செய்திகளில் ‘காணாமல் போனோர்’ என்றே வருடக்கணக்காக எழுதி வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததும் அதுதான். 2017-ல் ஈழத்து நண்பர் ஒருவர், “காணாமல் போறதுக்கு அவங்கள் என்ன சாவிக்கொத்தோ?” என்று கேட்டார். போ என்பது தன்வினை. சாவி காணாமல் போகும், ஆடு காணாமல் போகும். அந்தத் தாய்மார் சொல்வது ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’. ஆக்கு என்றால் ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான். முப்பது வருடமாகப் ‘படு’வைத் துரத்திக்கொண்டிருந்தவருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. கோப்புத் தமிழில் ஆளை மறைக்கிற அதே ‘படு’, அந்த அம்மாக்களின் வாயில் ஆளைச் சுட்டிக்காட்டுகிறது. அது போதாதென்று முன்னால் ‘வலிந்து’ என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பதாகைகளில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று இருக்கிறது. அவர்களுக்காக என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கை அரசு கொழும்பில் அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயர், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்.